மைனஸ் ஏழு வீடுகள்

சந்தேகப்படுவதற்கென்றே சம்பளம் வாங்குகிற ஆட்கள் திருச்சியில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியாது. அனுசுயா அவர்களில் ஒருத்தி. சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் இருந்த சர்வே கம்பெனியில் பதினெட்டு வருடமாக அவளுக்கு ஒரே வேலைதான். வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்டு வருகிறவர்கள் நிஜமாகவே போனார்களா, இல்லை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தாங்களே இட்டுக்கட்டி எழுதிக்கொண்டு வந்தார்களா என்று கண்டுபிடிக்க வேண்டும். இதுவரை முப்பத்தாறு பேரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். அந்த எண்ணிக்கையில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அலுவலகத்தில் பழகிய குணம் வீட்டு வாசலில் செருப்போடு கழன்று விடுமா என்ன? ஸ்ரீரங்கத்து வீட்டிலும் அவள் அப்படித்தான். எண்ணெய் பாட்டிலில் பேனாவால் கோடு போட்டு வைப்பாள். வாழைப்பழச் சீப்பை எண்ணிவிட்டுத்தான் பஸ் ஏறுவாள். பால்காரர் ஊற்றிவிட்டுப் போன பாலை விரலில் தொட்டு நகத்தில் வைத்துப் பார்ப்பாள். ஓய்வு பெற்று வீட்டில் இருக்கும் கணவர் மாதவன், "உனக்கு உன் மேலயே ஒரு கண்ணு இருக்கும்போல அனு" என்று கிண்டல் செய்வார். அந்த வீட்டில் அவள் சந்தேகப்படாத பொருள் ஒன்றே ஒன்றுதான். கிணற்றுத் தண்ணீர். மாதவனின் தாத்தா வெட்டிய கிணறு. மருமகள் தேவதர்ஷினி செப்புக் குடத்தில் வெட்டிவேர் போட்டு வைத்திருக்கும் தண்ணீரை ஆபீஸ் விட்டு வந்ததும் ஒரு சொம்பு குடித்துவிட்டு, "இந்த ருசி எந்தத் தண்ணிக்கு வரும்?" என்று சொல்லாவிட்டால் அனுசுயாவுக்கு அந்த நாள் முடியாது.

இந்த முறை சர்வேயும் தண்ணீரைப் பற்றித்தான். குடிக்கவும் சமைக்கவும் வீடுகளில் எந்தத் தண்ணீர் பயன்படுகிறது என்பது கேள்வி. கிணறா, கார்ப்பரேஷன் குழாயா, விலைக்கு வாங்கும் கேனா? ஒன்றா, இரண்டா, மூன்றுமா? வீட்டுக்கு இரண்டு பாரம். முதல் பாரத்தைக் குடும்பத் தலைவரிடம் கேட்டு எழுத வேண்டும். இரண்டாவதைச் சமைக்கிறவரிடம் கேட்டு எழுத வேண்டும். பாரங்கள் தனித்தனிக் கட்டாக வரும், கூட்டுத்தொகைகள் மட்டும் தட்டச்சாகி அனுசுயாவின் மேசைக்கு வரும்.

அவள் கணினியைத் தொட மாட்டாள். நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில், கையிலிருக்கும் வளையலைக் கழற்றி வைத்துச் சுற்றிக் கோடு இழுப்பாள். கிணற்றுக்கு ஒரு வட்டம், குழாய்க்கு ஒரு வட்டம், கேனுக்கு ஒரு வட்டம். மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். ஏறிய இடங்களில் இரண்டு தண்ணீரும் குடிக்கிற வீடுகள். நட்டநடுவில் மூன்றும் குடிக்கிற வீடுகள். உள்ளேயிருந்து வெளியே நிரப்பிக்கொண்டு வந்தால் கடைசியில் 'இது மட்டும்' என்கிற ஓரங்கள் மிஞ்சும். நிஜமாக எடுத்த சர்வே என்றால் அந்த ஓரங்களில் ஏதோ ஓர் எண் ஒழுங்காக உட்காரும். இட்டுக்கட்டியது என்றால் எங்காவது இடிக்கும். மனிதனுக்கு ஒரு பொய் சொல்ல வரும், மூன்று பொய்யை ஒன்றோடொன்று பொருத்தி வைக்கத் தெரியாது என்பது பதினெட்டு வருடத்தில் அவள் கண்டது.

அந்த வாரம் ஏழு தெருக்களின் கணக்கு வந்திருந்தது. ஆறு தெருக்கள் அழகாகப் பொருந்திவிட்டன. ஏழாவது அவளுடைய சொந்தத் தெருவே. கோயிலுக்கு வடக்கே இருக்கும் அந்தத் தெருவில் நூற்றிருபது வீடுகள். எடுத்தவள் பி. பானுப்ரியா, புதிதாகச் சேர்ந்தவள்.

முதல் பாரக் கட்டின்படி கேன் வாங்கும் வீடுகள் ஐம்பது. இரண்டாவது கட்டின்படி குழாயும் கேனும் சேர்த்துக் குடிப்பவை முப்பத்தெட்டு. கிணறும் கேனும் முப்பத்தொன்று. மூன்றும் பன்னிரண்டு.

அனுசுயா கூட்டினாள். முப்பத்தெட்டும் முப்பத்தொன்றும் அறுபத்தொன்பது. மூன்றும் குடிக்கும் பன்னிரண்டு வீடுகள் இரண்டு பக்கமும் எண்ணப்பட்டிருப்பதால் ஒருமுறை கழிக்க வேண்டும். ஐம்பத்தேழு. கேனோடு வேறு தண்ணீரும் குடிப்பவர்கள் மட்டுமே ஐம்பத்தேழு வீடு. கேன் வாங்கும் மொத்த வீடே ஐம்பதுதான். ஐம்பது பேர் உட்காரும் பஸ்ஸில் ஐம்பத்தேழு பேர் உட்கார்ந்திருப்பதாகக் கண்டக்டர் எழுதிக் கொடுத்த மாதிரி. கேன் மட்டும் குடிக்கும் வீடுகள் என்ற ஓரத்தில் அவள் எழுத வேண்டிய எண் மைனஸ் ஏழு.

"மைனஸ் ஏழு வீடு" என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். சூனியத்துக்கும் கீழே ஏழு வீடு கட்டி, அதில் ஆட்களைக் குடிவைத்து, அவர்களிடம் கையெழுத்தும் வாங்கி வந்திருக்கிறாள் இந்தப் பெண். முப்பத்தேழாவது ஆள் வலையில் விழுந்ததில் அனுசுயாவுக்குச் சந்தோஷம் என்று சொன்னால் அவள் கோபித்துக்கொள்வாள். ஆனால் சந்தோஷம்தான்.

கையில் இன்னொரு சாட்சியும் இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை அவள் காந்தி மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரத்தில் சர்வேக்காரப் பெண் வீட்டுக்கு வந்ததாக மாதவன் சொல்லியிருந்தார். "எவ்வளவு நேரம் கேட்டா?" என்றதற்கு, "அஞ்சு நிமிஷம் இருக்கும். வாசல்லயே பேசி அனுப்பிட்டேன்" என்றார். ஐந்து நிமிடத்தில் எப்படி இரண்டு பாரம் எழுத முடியும்? முதல் பாரத்துக்கே பத்து நிமிடம் ஆகுமே. இரண்டாவது பாரம் முழுக்கக் கற்பனைதான் என்று முடிவு கட்டிவிட்டாள்.

மேலாளர் ஜெபராஜ் தாளைப் பார்த்தார். வட்டம் அவருக்குப் புரியாது, மைனஸ் புரியும்.

"போலிப் பட்டியல்ல போட்டுரலாமா மேடம்?"

அந்தப் பட்டியல் சின்ன விஷயம் இல்லை. மாவட்டத்தில் இருக்கும் எல்லா சர்வே கம்பெனிகளுக்கும் போகும். அதில் ஏறிய பெயருக்கு அப்புறம் யாரும் பாரக் கட்டைக் கையில் கொடுக்க மாட்டார்கள்.

"போடலாம் சார். ஆனா நாளைக்கு அந்தப் பொண்ண கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டுட்டுப் போடறேன். கையும் களவுமா பிடிச்சாத்தான் எனக்குத் திருப்தி" என்றாள் அனுசுயா.

மறுநாள் காலை பானுப்ரியா வந்தாள். இருபத்துமூன்று வயது. மருங்காபுரிப் பக்கம் சொந்த ஊர், காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால் சித்தி வீட்டில் தங்கியிருந்தாள். கழுத்தில் கம்பெனி அடையாள அட்டை, தோளில் பை, பையிலிருந்து தலையை நீட்டிக்கொண்டு இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில். அந்தப் பாட்டிலையும் அனுசுயா சந்தேகத்தோடு பார்த்தாள்.

"தண்ணியப் பத்தி சர்வே எடுக்கறவ, நூத்தியிருவது வீடு ஏறி இறங்கறவ, தண்ணியத் தூக்கிட்டு அலையறியே. ஒரு வீட்டுலயும் ஏறலேங்கறதுக்கு இதுவே போதாதா?"

"கேட்டா குடுப்பாங்க மேடம். கேக்கத்தான் யோசனையா இருக்கும்" என்றாள் பானுப்ரியா.

அனுசுயா நாள்காட்டித் தாளைத் திருப்பி அவள் பக்கம் தள்ளினாள். மைனஸ் ஏழின் மேல் சிவப்பு மையில் இரண்டு சுற்று. "இந்த ஏழு வீடு எங்கம்மா இருக்கு? காவேரிக்கு அடியிலயா, கொள்ளிடத்துக்கு அடியிலயா?"

அந்தப் பெண் அழுவாள் என்று எதிர்பார்த்தாள். பிடிபட்டவர்கள் அழுவார்கள், இல்லாவிட்டால் சத்தம் போடுவார்கள். பானுப்ரியா இரண்டும் செய்யவில்லை. தாளைக் கையில் எடுத்து, உதடு அசையக் கூட்டிக் கழித்தாள். பிறகு, "ஏழு தப்புங்க மேடம்" என்றாள்.

"என்னது?"

"நாலு வீட்டுல நிஜமாவே கேன் மட்டும்தான். மாடி போர்ஷன்ல வாடகைக்கு இருக்காங்கள்ல, அவங்க. குழாயும் எட்டாது, கிணத்துக்கும் இறங்க மாட்டாங்க. அந்த நாலையும் சேத்தா கேன் குடிக்கிறது அறுபத்தொண்ணு. அம்பதுன்னு சொல்லிருக்காங்க. அப்ப ஏழு இல்ல, பதினொரு வீடு."

அனுசுயா தாளைத் தன் பக்கம் இழுத்துப் பார்த்தாள். வட்டத்தின் ஓரத்தில் நாலு வீடு நிஜமாக உட்கார்ந்திருந்ததால் பதினொன்றின் பள்ளம் ஏழாகத் தெரிந்திருக்கிறது. கணக்கு சரிதான். ஆனால் தன் குற்றத்தைத் தானே நாலு கூட்டிச் சொல்கிற திருடரை அவள் இதுவரை பார்த்ததில்லை. அதனால் சந்தேகம் இன்னும் ஒரு சுற்று ஏறியது.

"எந்தப் பதினொண்ணு?"

"கட்டைக் குடுங்க மேடம், எடுத்துக் காட்றேன்."

இரண்டு கட்டுகளையும் மேசையில் வைத்து, கதவு எண் வாரியாக முதல் பாரத்தையும் இரண்டாவது பாரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கினாள் பானுப்ரியா. பொருந்திய ஜோடிகள் இடது பக்கம் போயின. பொருந்தாதவை அனுசுயாவின் முன்னால் வந்தன. ஒவ்வொன்றிலும் முதல் பாரத்தில் கேனுக்கு எதிரே 'இல்லை'. இரண்டாவது பாரத்தில் கேனுக்கு எதிரே 'ஆம்'. இரண்டாவதின் அடியில், குறிப்பு என்ற இடத்தில், அதே சின்ன எழுத்தில் 'வீட்டில் தெரியாது'.

"என்ன இது, வீட்டில் தெரியாதுன்னா?"

"வாசல்ல பெரியவங்க. எங்க வீட்டுல கேனான்னு கோவமாவே கேப்பாங்க. கொல்லையில மருமக. இல்ல வீட்டம்மாவே. தெரியாம வாங்கறாங்க மேடம். கொல்லைச் சந்து வழியா பகல்ல பதினொரு மணிக்குக் கேன் வண்டி வருது. வாங்கி, குடத்துல ஊத்திட்டு, கேனை ஒளிச்சு வெச்சுடறாங்க. ரெண்டு பேரும் எங்கிட்ட சொன்னத அப்படியே எழுதினேன். எது நெசம்னு முடிவு பண்ண எனக்கு ஏது அதிகாரம்?"

அந்தத் தெருவின் வீடுகள் எல்லாம் நீளவாக்கில் கட்டியவை. முன்வாசல் தெருவில் இருக்கும், கொல்லைக்கதவு பின்சந்தில் திறக்கும். முன்னால் நிற்பவருக்கும் பின்னால் நிற்பவருக்கும் நடுவே கூடம், தாழ்வாரம், சமையலறை, கிணற்றடி என்று ஒரு ரயில் பெட்டி நீளம். அனுசுயாவுக்கு அது தெரியாததா?

"எல்லாரும் ரெண்டு பாரத்தையும் ஒரே ஆளுகிட்ட, ஒரே மூச்சுல எழுதிட்டு வராங்க. நீ மட்டும் ஏம்மா சுத்திச் சுத்திப் போனே? ரூல் புஸ்தகத்த அவ்வளவு மதிக்கறவளா நீ?" என்று கேட்டாள். கேட்ட பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. அழகாகப் பொருந்திய அந்த ஆறு தெருக்களும் ஒரே வாயிலிருந்து வந்தவை. ஒரே வாய் சொன்னால் ஏன் பொருந்தாது?

பானுப்ரியா அடையாள அட்டையை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தாள். "ரூல்னு இல்லைங்க. வாசல்ல முதல் பாரம் முடியறதுக்குள்ள கார்டைப் பாப்பாங்க. பி-ன்னா என்னம்மா, அப்பா பேரு என்னம்பாங்க. பீமராவ்னு சொல்லுவேன். அப்புறம் எந்த ஊரு, எந்தத் தெருன்னு கேப்பாங்க. சமையக்கட்டுக் கேள்வின்னா கொல்லைப் பக்கமா வந்துடும்மான்னு சொல்லுவாங்க. எல்லாரும் இல்ல. பாதிக்கு மேல. சுத்திக்கிட்டு கொல்லைக்குப் போவேன். அங்கதான் உண்மை இருந்துச்சு."

அவள் குரலில் புகார் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதைப் போலத்தான் சொன்னாள். அனுசுயாவுக்கு முகம் கொடுத்துக் கேட்க முடியவில்லை. கட்டை நோக்கிக் குனிந்துகொண்டாள்.

"இதுதான் கடைசி ஜோடிங்க மேடம். அறுபத்துநாலு" என்றாள் பானுப்ரியா.

அனுசுயாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அறுபத்துநாலு அவளுடைய வீடு.

"இது எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. வாசல்ல ஒரு சார், அஞ்சே நிமிஷம். கேன் தண்ணி இந்த வாசப்படி தாண்டாதுன்னு சொல்லிட்டு, மிச்சத்த கொல்லைப் பக்கம் வந்து கேட்டுக்கோன்னாங்க. கொல்லையில அவங்க மருமக. நல்ல அக்கா. சமையலுக்குக் கிணறு, குடிக்கக் கேன், ரெண்டு வருஷமான்னு சொன்னாங்க. எங்க அத்தை எண்ணெய் பாட்டில்ல கோடு போட்டு வெப்பாங்க, அவங்க கண்ணுக்கே இது தப்பிச்சிருச்சுன்னு சொல்லிச் சிரிச்சாங்க."

பாரத்தின் கீழே மாதவனின் கையெழுத்து. அடுத்ததன் கீழே தேவதர்ஷினியின் சுழித்த 'தே'. மூன்றாவது ஆள் யாரும் இட்டுக்கட்டி எழுத முடியாத கையெழுத்துகள்.

இரண்டு வருடம். எழுநூறு நாளாவது இருக்கும். எழுநூறு சொம்பு கேன் தண்ணீரைக் குடித்துவிட்டு எழுநூறு முறை கிணற்றைப் பாராட்டியிருக்கிறாள். முழங்கால் வலி வந்ததிலிருந்து கிணற்றடிப் படி இறங்குவதில்லை, அதனால் கேன் எங்கே ஒளிந்திருந்தது என்றும் பார்க்கவில்லை. ஊரில் முப்பத்தாறு பொய்களைப் பிடித்தவள். அனுசுயாவுக்கு முதலில் அவமானமாக இருந்தது. அதன்மேல் கோபம் வந்தது. கோபம் யார் மேல் என்று தேடினாள், சரியான ஆள் கிடைக்கவில்லை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் மாதவன் வயிற்றுப்போக்கில் சுருண்டு ஆஸ்பத்திரியில் நாலு நாள் கிடந்தது நினைவுக்கு வந்தது. எல்லோரும் அவர் சத்திரத்தில் தின்ற போண்டாவைத் திட்டினார்கள். தேவதர்ஷினி மட்டும், "கிணத்துத் தண்ணிய ஒருக்கா டெஸ்ட் பண்ணிப் பாக்கலாமா அத்தை?" என்று கேட்டாள். மூன்று தலைமுறை குடித்த தண்ணீரைச் சோதிக்க வந்த டாக்டரா நீ என்று அனுசுயா கேட்ட கேள்வியில் அந்தப் பெண் வாயை மூடிக்கொண்டாள். வாயை மூடிக்கொண்டு குடத்தைக் காப்பாற்றியிருக்கிறாள். அதன் பிறகு வீட்டில் ஒருவருக்கும் வயிறு கெடவில்லை என்பதைச் சந்தேக அரசி கவனிக்கவே இல்லை.

"நீ வெளிய உக்காரும்மா" என்று சொல்லிவிட்டு ஜெபராஜிடம் போனாள்.

ஜெபராஜ் பொறுமையாகக் கேட்டார். "சரி மேடம். ஆனா ஹெட் ஆபீஸ்ல மைனஸ்ஸ பாத்துட்டு வாய்க் கணக்க நம்ப மாட்டாங்க. ரூல் உங்களுக்கே தெரியும். ஒரு வீட்டுலயாவது ரெண்டு பேரையும் ஒண்ணா உக்கார வெச்சு, மறுபடி கேட்டு, ரெண்டு கையெழுத்தும் ஒரே தாள்ல வாங்கிட்டு வரணும். ஒரு வீடு ஒத்துக்கிட்டா மிச்சம் பத்தும் தானா நிக்கும். இல்லேன்னா நாளைக்குச் சாயங்காலம் பொண்ணு பேரு பட்டியல்ல. எந்த வீடுன்னு நீங்களே முடிவு பண்ணுங்க."

பதினொரு பாரங்களையும் எடுத்துக்கொண்டு அனுசுயா தன் இடத்துக்கு வந்தாள். எந்த வீட்டைக் காட்டிக்கொடுப்பது? நாற்பத்தொன்றாம் எண்ணைப் பார்த்ததும் கை அதன்மேல் நின்றது. மூன்று வருடமாக வெண்கல அண்டாவைத் திருப்பித் தராத வீடு. ஒரு நிமிடம் நல்ல ருசியான எண்ணம்தான். ஆனால் அந்த வீட்டுப் பெரியவர், குழம்பில் உப்பு கூடினதற்கே மருமகளை மணப்பாறைக்குப் பஸ் ஏற்றி அனுப்பியவர். கேன் விஷயம் தெரிந்தால் அந்தப் பெண்ணின் கதி என்ன? அடுத்த பாரத்தை எடுத்தாள். அங்கே எழுபது வயது அம்மாள் கணவருக்குத் தெரியாமல் வாங்குகிறாள். அதற்கடுத்தது புதிதாகக் கல்யாணம் ஆன வீடு. ஒவ்வொரு தாளையும் எடுத்தாள், ஒவ்வொன்றையும் கவிழ்த்து வைத்தாள். பத்து தாள் கவிழ்ந்த பிறகு மேசையில் ஒன்றுதான் முகம் காட்டிக்கொண்டு கிடந்தது.

தன் வீட்டில் மட்டும் என்னவாம்? நாற்பத்தொன்றாம் எண்காரரைப்போல மாதவன் சத்தம் போட மாட்டார். ஆனால் தாத்தாவின் கிணற்றை விட்டுக்கொடுக்கிறவரும் இல்லை. கோபம் வந்தால் ஒரு மாதம் பேச மாட்டார். அந்த மௌனத்தில் தேவதர்ஷினி தினமும் பரிமாற வேண்டியிருக்கும். சொல்லாமல் விட்டால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பெண் போலியாகிவிடுவாள், அதுவும் உண்மையை எழுதியதற்காக. அனுசுயா வளையலை எடுத்துக் கையில் போட்டுக்கொண்டாள்.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு அறுபத்துநாலுக்கு வந்துடு" என்று பானுப்ரியாவிடம் சொன்னாள். "அது என் வீடு."

பானுப்ரியாவின் முகம் வெளிறிப் போயிற்று. எண்ணெய் பாட்டில் கதையைச் சொன்ன வாயை அவள் கையால் பொத்திக்கொண்டாள்.

சனிக்கிழமை அனுசுயா விடுப்பு எடுத்தாள். ராத்திரி முழுக்க மருமகளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாமா என்று யோசித்து, வாயெடுத்து, நிறுத்திக்கொண்டாள். முன்கூட்டியே சொல்லிவைத்துக் கேட்டால் அது சரிபார்ப்பு ஆகாதே என்று தனக்குச் சமாதானம் சொன்னாள். உண்மையில் என்ன சொல்லி ஆரம்பிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பத்து மணிக்கு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். பத்தே கால் ஆயிற்று. ஆள் வரவில்லை. பயந்து ஓடிவிட்டாளோ, அப்படியானால் எல்லாம் பொய்தானோ என்று பழைய புத்தி தலைதூக்கியபோது, வீட்டின் மறுகோடியில் கதவு தட்டும் சத்தம் கேட்டது. கொல்லைக்கதவு.

அனுசுயா எழுந்து, கூடம் தாண்டி, சமையலறை தாண்டி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிப் படி இறங்கினாள். துணி துவைக்கும் கல்லுக்குப் பின்னால் பழைய சேலையால் மூடியிருந்த இடத்தில் நீலக் கேன்கள் இரண்டு நின்றன. அவற்றைப் பார்த்துக்கொண்டே கதவைத் திறந்தாள்.

"இந்தப் பக்கம் ஏம்மா வந்தே?"

"பழக்கம் மேடம்" என்றாள் பானுப்ரியா. "இருங்க, சுத்திக்கிட்டு வாசலுக்கு வந்துடறேன்."

"வேணாம். உள்ளயே வா."

கிணற்றடி வழியாக, சமையலறை வழியாக, அடுப்பில் ரசம் கிளறிக்கொண்டிருந்த தேவதர்ஷினியைத் தாண்டி, அவளைக் கூடத்துக்கு அழைத்து வந்தாள். மருமகளின் கையில் கரண்டி அப்படியே நின்றது. கூடத்தில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்த மாதவன் நிமிர்ந்தார். வீட்டின் பின்பக்கத்திலிருந்து ஒரு சர்வேக்காரப் பெண் வருவதை அவரால் உடனே புரிந்துகொள்ள முடியவில்லை.

"சோபாவுல உக்காரும்மா" என்றாள் அனுசுயா. "தர்ஷினி, அடுப்ப அணைச்சுட்டு நீயும் வா."

நாலு பேரும் உட்கார்ந்தார்கள். பானுப்ரியா தாளை மடியில் வைத்துப் படித்தாள். "இந்த வீட்டுல குடிக்கறதுக்கும் சமைக்கறதுக்கும் எந்தத் தண்ணி பயன்படுத்தறீங்க? கிணறு, குழாய், கேன். ரெண்டு பேரும் சொல்லணும்."

"அதான் அன்னிக்கே சொன்னேனேம்மா, கிணறு" என்றார் மாதவன். "என்னத்துக்கு மறுபடி?"

தேவதர்ஷினி தரையைப் பார்த்தாள். கழுத்தில் இருந்த சங்கிலியை விரலில் சுற்றினாள், அவிழ்த்தாள். அவள் உதடு பிரிவதற்குள் அனுசுயா முந்திக்கொண்டாள்.

"சமைக்கக் கிணறு. குடிக்கக் கேன். ரெண்டு வருஷமாச்சு. நீங்க ஆஸ்பத்திரியில கிடந்து வந்ததுலேருந்து. நான்தான் வாங்கச் சொன்னேன். உங்ககிட்ட சொல்ல வேணாம்னும் நான்தான் சொன்னேன்."

பதினெட்டு வருடத்தில் அவள் எத்தனையோ பொய்ப் பாரங்களைப் பிடித்திருக்கிறாள். பொய்ப் பதில் சொன்னது இதுதான் முதல் தடவை. தேவதர்ஷினி தலையைத் தூக்கி அத்தையைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. மாதவன் செய்தித்தாளை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். தன் மனைவி இப்படி ஒன்றைச் செய்யக்கூடியவள்தான் என்பதில் அவருக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அவருடைய கோபத்துக்குப் போக இடம் இல்லாமல் போயிற்று.

பானுப்ரியாவின் பேனா தாளுக்கு மேலே நின்றுகொண்டிருந்தது. கொல்லையில் கேட்டது அவளுக்குத் தெரியும். அவள் அனுசுயாவைப் பார்த்தாள். அனுசுயா பார்வையை விலக்கவில்லை.

"யாரு வாங்கச் சொன்னாங்கங்கறதுக்கு இதுல கட்டம் இல்லைங்க மேடம்" என்றாள் பானுப்ரியா. கிணற்றுக்கு ஒரு டிக், கேனுக்கு ஒரு டிக் போட்டாள். மாதவனிடம் தாளை நீட்டினாள். அவர் அட்டையைப் பார்க்கவில்லை, அப்பா பேரைக் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டார். தேவதர்ஷினியும் போட்டாள்.

"தண்ணி கொண்டா தர்ஷினி. எல்லாருக்கும்" என்றாள் அனுசுயா.

செப்புக் குடத்திலிருந்து நாலு டம்ளர் வந்தது. மாதவன் ஒரு மடக்கு குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "அதான பாத்தேன். நேத்து வரைக்கும் இருந்த ருசி இல்லையே!"

தேவதர்ஷினிதான் முதலில் சிரித்தாள். அனுசுயாவுக்கும் அடக்க முடியவில்லை. அவர் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டே மிச்சத்தையும் குடித்துவிட்டார்.

பானுப்ரியா தன் டம்ளரை ஒரே மூச்சில் காலி செய்தாள். பையில் இருந்த பாட்டில் இன்னும் நிறைந்தே இருந்தது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் யோசித்தாள். பிறகு தேவதர்ஷினியைப் பார்த்து, "அக்கா, இன்னும் ஒரு டம்ளர் கிடைக்குங்களா?" என்று கேட்டாள்.